சொம்பு ஈயம்தான், ஈயத்துக்குள் என்ன இருக்கிறது?

ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி ருசி உண்டு என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை. எவர்சில்வரும் நான்ஸ்டிக்கும் வந்த பிறகு பரணுக்குப் போய்விட்ட அந்தச் சொம்பு, பழைய பாத்திரங்களின் மீது எழுந்திருக்கும் புதிய ஆசையில் மறுபடியும் அடுக்களைக்கு வருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ பாத்திரம் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "சுத்தமான ஈயம்தானா?" என்பதுதான். "சுத்தம்தான்" என்ற பதிலும் உடனே வந்துவிடும்.

சுத்தம் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. தட்டிப் பார்த்தோ, தூக்கிப் பார்த்தோ, வளைத்துப் பார்த்தோ முடிவு சொல்லவும் முடியாது. நூற்றுக்கு எத்தனை பங்கு ஈயம், எத்தனை பங்கு காரீயம், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஆர்செனிக் என்று எண்ணிச் சொன்னால்தான் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு ஈயங்கள்

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. வெள்ளீயம் ஒன்று, மலாய்க்காரர்கள் 'தீமா' என்பது இதைத்தான். மலேசியாவில் 'ஈயச் சுரங்கம்', 'ஈயக்குட்டை' என்று நாம் சொல்வதும் இதையே. மற்றொன்று காரீயம். கார் பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருந்தது இது. மலாயில் 'பிளும்பும்'.

ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தைக் கொண்டுதான். காரீயம் சமையலறைப் பக்கமே வரக்கூடாத உலோகம். விலை குறைவு என்பதால் வெள்ளீயத்தோடு அதைக் கலக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதே கவலை. ஆனால் கலக்காத ஈயத்திலும் ஒரு விருந்தாளி பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுதான் ஆர்செனிக்.

ஆர்செனிக் தமிழருக்குப் புதிய பொருள் அன்று. நாட்டு மருந்துக் கடைகளில் மனோசிலை என்ற சிவப்புக் கல்லும் தாளகம் என்ற மஞ்சள் கல்லும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. தாளகத்துக்கு இன்னொரு பெயர் அரிதாரம். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் வண்ணம் அது. மேடை ஒப்பனைக்கே 'அரிதாரம் பூசுதல்' என்ற பெயர் வந்தது அதனால்தான். வெள்ளைப் பாஷாணம் என்று நம் பாட்டிமார் அஞ்சிய பொடி, ஆர்செனிக் ஆக்சிஜனோடு சேர்ந்தது. நிறமும் மணமும் ருசியும் காட்டிக்கொடுக்காத விஷம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் ஆர்செனிக்கை வைத்திருக்கிறது.

நகரை உண்டாக்கிய உலோகம்

கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்தால்தான். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி, கொம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிப் போனார்கள். முதல் மாதத்திலேயே பெரும்பாலோரை மலேரியா கொண்டுபோனது. ஆனாலும் சுரங்கம் நின்றது; சேற்று முகத்துவாரம் ஊரானது.

தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் வந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்ட வேண்டி வந்தபோது, செங்கல் சூளைகள் இருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனது. பிறகு ரயில்வே ஊழியர்களாக வந்த தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே குடியேறினார்கள். ஆக, ஈயம் போன பாதையில்தான் நம்மவர் வாழ்க்கையின் ஒரு பகுதியும் ஓடியிருக்கிறது.

உலகிலேயே அதிகம் ஈயம் தோண்டிய நாடாக ஒருகாலத்தில் மலேசியா இருந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிச் சரிந்தபோது விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் உருக்கும் தொழில் போய்விடவில்லை. மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷன் பினாங்கின் பட்டர்வொர்த்தில் நடத்திவந்த நூற்றாண்டு கண்ட உருக்காலையின் வேலையைப் போர்ட் கிள்ளான் பூலாவ் இண்டாவுக்கு மாற்றும் பணியில் இறங்கியது. இதனால் ஈயமும் அதன் கூடவே வரும் ஆர்செனிக் பற்றிய கேள்வியும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மறுபடி வந்திருக்கின்றன.

கல்லிலேயே ஒட்டிக்கொண்டது

ஈயத்தாது கேசிட்டரைட் எனப்படும். பூமிக்குள் கொதித்த நீர் பாறை வெடிப்புகளில் ஏறி ஆறும்போது அந்தக் கனிமம் படிகிறது. அதே நீரில் இரும்பும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஆர்செனோபைரைட் என்ற வெள்ளி நிறக் கனிமமும் பக்கத்திலேயே படிகிறது. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றைத் தோண்டினால் மற்றதும் வரும்.

உருக்குமுன் தாதுவை வறுப்பார்கள். வறுக்கும்போது ஆர்செனிக் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை குளிர்ந்தால் வெள்ளைப் பாஷாணம். அதைப் பிடித்து அடக்காவிட்டால் சுற்றுவட்டாரம் பாழ். அப்படியும் கொஞ்சம் ஈயத்தோடு தங்கிவிடும். அதை விரட்ட, உருகிய ஈயத்தில் அலுமினியம் சேர்ப்பதுண்டு. அலுமினியம் ஆர்செனிக்கைப் பிடித்துக்கொண்டு மேலே கசடாக மிதக்கும். கசடை வழித்து எடுத்துவிடுவார்கள்.

ஆபத்து அந்தக் கசடில் இருக்கிறது. அதில் தண்ணீர் பட்டால் ஆர்சைன் என்ற வாயு கிளம்பும். பூண்டு வாசனை லேசாக வரலாம், வராமலும் போகலாம். இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் வாயு அது. ஈயம் சுத்திகரிக்கும் ஆலைகளில் கசடை ஈரம் படாமல் வைப்பது உயிர் காக்கும் விதி. இந்த ஆர்சைனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதே வாயு நமக்கு உதவ வரும்.

சுரங்கம் மூடினாலும் ஆர்செனிக் மூடுவதில்லை என்பதற்கு அண்டை நாட்டில் சாட்சி உண்டு. மலாய்த் தீபகற்பத்தின் ஈயப் பாறைத் தொடர் தாய்லாந்துக்குள்ளும் நீள்கிறது. தெற்குத் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் ரோன் பிபூன் என்ற ஈயச் சுரங்க ஊர். 1987இல் அங்கே தோல் தடித்துக் கரும்புள்ளி விழுந்த நோயாளிகளுக்குக் காரணம் தேடியபோது ஆர்செனிக் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தோல் பாதிப்பு இருந்தது. சுரங்கக் கழிவில் கிடந்த ஆர்செனோபைரைட் மழையிலும் காற்றிலும் சிதைந்து, கிணற்று நீரில் இறங்கியிருந்தது. ஆழமில்லாத சில கிணறுகளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருந்தது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மலேசியாவின் எல்லையும் அதுவே. ஐந்நூறு மடங்கு ஆர்செனிக் கலந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்திருக்கும்.

அரிசி மணிக் கணக்கு

ஆய்வுக்கூட அறிக்கைகளில் பி.பி.எம்., பி.பி.பி. என்ற இரண்டு அளவுகள் வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பி.பி.எம். நூறு கோடியில் ஒரு பங்கு பி.பி.பி. எண்ணாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று கொள்வோம். 20 கிலோ அரிசி மூட்டையில் ஒரே ஒரு கறுப்பு மணி இருந்தால் அது ஒரு பி.பி.எம். போர்ட் கிள்ளானில் இறங்கும் 20 அடி கொள்கலன் ஒன்றில் 20 டன் அரிசி நிரப்பி, அதில் ஒரு கறுப்பு மணி இருந்தால் அது ஒரு பி.பி.பி. குடிநீரின் எல்லை 10 பி.பி.பி. என்றால், அந்தக் கொள்கலனில் பத்தே மணிகள்.

வணிக ஈயத்துக்கும் எல்லை உண்டு. லண்டன் உலோகச் சந்தை ஏற்கும் ஈயக் கட்டி குறைந்தது 99.85 விழுக்காடு தூய்மையாக இருக்க வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் ஏ.எஸ்.டி.எம். பி 339 தர அளவின்படி 'கிரேட் ஏ' ஈயத்தில் ஆர்செனிக் 0.05 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 500 பி.பி.எம். காரீயத்துக்கும் அதே 0.05 விழுக்காடுதான் உச்சம்.

ஆர்செனிக் எல்லா உலோகத்திலும் வேண்டாத விருந்தாளி என்று எண்ணிவிடக்கூடாது. தண்ணீர்க் குழாய் இணைப்புகளுக்குச் செய்யும் ஒரு வகைப் பித்தளையில், துத்தநாகம் மட்டும் அரித்து வெளியேறாமல் இருக்க, 0.02 முதல் 0.15 விழுக்காடு வரை ஆர்செனிக்கை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

ஒளியைத் தின்னும் அணுக்கள்

அந்த 'எவ்வளவு' என்பதைச் சொல்லும் கருவிகளில் ஒன்று அணு உறிஞ்சல் நிறமாலைமானி. ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக ஏ.ஏ.எஸ். என்பார்கள்.

அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியம் அணுக்கள் சூட்டில் வெளியிடும் நிறம் அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்த நிறம் உண்டு. எந்த நிறத்தை ஓர் அணு வெளியிடுகிறதோ அதே நிறத்தை அது விழுங்கவும் செய்யும். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஜெர்மனியில் கிர்க்ஹோஃபும் புன்சனும் இதைக் கண்டு சொன்னார்கள். வெளியிடும் ஒளியை அளப்பதைவிட விழுங்கும் ஒளியை அளப்பது பல தனிமங்களுக்கு நல்ல வழி என்று 1950களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஆலன் வால்ஷ் காட்டினார். 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஏ.ஏ.எஸ். கருவிகள் பிறந்தன.

வேலை செய்யும் விதம் எளிது. ஆர்செனிக்கைத் தேட வேண்டுமானால் ஆர்செனிக்கையே உள்ளே வைத்துச் செய்த விளக்கை ஏற்றுவார்கள். அதன் ஒளியில் ஆர்செனிக்குக்கே உரிய 193.7 நானோமீட்டர் அலைநீளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி. அந்த ஒளியைச் சூடான ஒரு குழாய் வழியே செலுத்துவார்கள். குழாயில் ஆர்செனிக் அணுக்கள் இருந்தால் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கிள்ளானில் கே.டி.எம். கொமுட்டரில் நூறு பேர் ஏறி, வழியில் புதிதாக யாரும் ஏறாமல், கேஎல் சென்ட்ரலில் எண்பது பேர் இறங்கினால் வழியில் இருபது பேர் இறங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவதைப் போலத்தான். கிளம்பிய ஒளி எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்ற வித்தியாசத்திலிருந்து எத்தனை அணுக்கள் இருந்தன என்று தெரிந்துவிடும்.

ஆர்செனிக்குக்கு மட்டும் ஒரு தொல்லை. சாதாரண அசிட்டிலீன் சுடரே அந்த 193.7 ஒளியில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடுகிறது. கடைத்தெருக் கூச்சலில் காதோடு பேசுவதைக் கேட்க முயல்வது மாதிரி. அதனால் இரண்டு மாற்று வழிகள் வந்தன. ஒன்று, சிறு கிராஃபைட் குழாயில் சில துளி கரைசலை விட்டு மின்சாரத்தால் சூடாக்குவது. இரண்டாவது வழியில்தான் ஆர்சைன் வருகிறது.

மாதிரிக் கரைசலில் அமிலத்தோடு சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்தால் அதிலுள்ள ஆர்செனிக் ஆர்சைன் வாயுவாகக் குமிழியிட்டுக் கிளம்பும். மற்ற உலோகங்களில் பெரும்பாலானவை கரைசலிலேயே தங்கிவிடும். அந்த வாயுவை மட்டும் 900 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றிய குவார்ட்ஸ் குழாய்க்குள் அனுப்பினால் அது சிதைந்து தனி அணுக்களாகும், விளக்கொளியை விழுங்கும். உருக்காலையில் ஆளைக் கொல்லும் வாயு, இங்கே மிகச் சிறிய அளவில், புகைபோக்கிக் கூண்டுக்குள், சாட்சி சொல்ல வருகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான ஆர்செனிக்கை இம்முறையில் எண்ணலாம்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1836இலேயே இங்கிலாந்தின் ஜேம்ஸ் மார்ஷ், சந்தேகத்துக்குரிய உணவில் துத்தநாகமும் அமிலமும் சேர்த்து ஆர்சைனை வரவழைத்து, சூடான கண்ணாடிக் குழாயில் கறுப்புப் படலமாகப் படிய வைத்தார். விஷம் வைத்த வழக்குகளில் நீதிமன்றம் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அப்போதுதான் கிடைத்தது. மார்ஷின் கறுப்புப் படலம் 'இருக்கிறது' என்றது. வால்ஷின் விளக்கு 'இவ்வளவு இருக்கிறது' என்கிறது.

கருவிக்கு முன்னால் நடக்கும் வேலை

கருவி ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் சரியா என்பது அதற்கு முன் நடந்த கைவேலையைப் பொறுத்தது. உலோக மாதிரி என்றால் இன்னும் அதிகம்.

முதலில் மாதிரி எடுத்தல். ஈயக் கட்டியின் மேல்புறமும் அடிப்புறமும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பல இடங்களில் துளையிட்டுத் துருவல் எடுத்துக் கலக்க வேண்டும். பிறகு ஏறத்தாழ ஒரு கிராமைத் துல்லியமாக நிறுத்து அமிலத்தில் கரைக்க வேண்டும்.

இங்கேதான் அனுபவமில்லாதவர் ஏமாறுவார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் ஊற்றிக் காய்ச்சினால் ஆர்செனிக் குளோரைடாக மாறி ஆவியாகிப் பறந்துவிடும். அதன் கொதிநிலை 130 பாகைதான். கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். மாதிரி சுத்தமானது என்று மகிழ்ந்துவிடலாம். உண்மையில் ஆர்செனிக் புகைபோக்கி வழியே போயிருக்கும். ஆகவே நைட்ரிக் அமிலமும் சேர்த்து, மிதமான சூட்டில் அல்லது மூடிய கலத்தில் மைக்ரோவேவில் கரைக்கிறார்கள்.

அடுத்தது கூட்டத்தின் தொல்லை. ஒரு கிராம் உலோகத்தை 100 மில்லிலிட்டரில் கரைத்தால், அதில் ஒரு பி.பி.எம். ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமாக நிற்கும். அதைச் சுற்றி லிட்டருக்கு 10 கிராம் உலோகம். பத்து லட்சம் பேர் கூடிய பத்துமலைத் தைப்பூசத்தில் தொலைந்த ஒரு பிள்ளையைத் தேடுவது போல. செம்பும் நிக்கலும் ஆர்சைன் உண்டாவதையே தடுத்துவிடும். வெள்ளீயம் தானும் ஹைட்ரைடு வாயுவாகக் கிளம்பிப் போட்டிக்கு வரும். எனவே ஆர்செனிக்கை முன்கூட்டியே பிரித்தெடுக்க வேண்டும், அல்லது தெரிந்த அளவு ஆர்செனிக்கை மாதிரியிலேயே படிப்படியாகச் சேர்த்து அளந்து, தடங்கலுக்கு ஈடுசெய்ய வேண்டும். ஆர்செனிக்கின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஐந்திணைவு ஆர்செனிக் மெதுவாகவே வாயுவாகும். பொட்டாசியம் அயோடைடும் வைட்டமின் சி என்று நாம் அறிந்த அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து அதை மூவிணைவுக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

இத்தனைக்கும் பிறகு மூன்று சோதனைகள். மாதிரியே போடாமல் அமிலங்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. அமிலத்திலேயே ஆர்செனிக் இருந்தால் தெரிந்துவிடும். தெரிந்த அளவு சேர்த்து, சேர்த்தது முழுதாகத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. அளவு சான்றளிக்கப்பட்ட உலோகத் துண்டை அதே வழியில் சோதித்து, சான்றில் உள்ள எண் வருகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றும் இல்லாத அறிக்கை, தராசை முதலில் சுழியில் நிறுத்தாமல் நகை நிறுத்தது போலத்தான்.

நகைக்கடையில் தங்கத்தின் காரட் பார்க்கும் எக்ஸ்ரே கருவியை வைத்துச் சொம்பைச் சோதித்துவிடக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த வகைக் கருவி பொருளை வெட்டாமல் சில நிமிடங்களில் கலவையைச் சொல்லும். முறையாக அளவு திருத்தியிருந்தால் நூற்றில் சில பங்கு காரீயத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஆர்செனிக்கின் முக்கிய எக்ஸ்ரே கோடும் காரீயத்தின் முக்கிய எக்ஸ்ரே கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. காரீயம் இருக்கும் உலோகத்தில் சிறிதளவு ஆர்செனிக்கை அது பிரித்துச் சொல்லாது. சிறு அளவுகளுக்கு அமிலத்தில் கரைத்து ஏ.ஏ.எஸ். கருவியிலோ, இன்னும் விலை கூடிய ஐ.சி.பி. கருவிகளிலோ பார்ப்பதுதான் வழி.

ரசத்துக்கு ஒரு கணக்கு

இப்போது சொம்புக்கு வருவோம். ஒரு லிட்டர் புளிரசத்தில் பாத்திரத்திலிருந்து 10 மில்லிகிராம் உலோகம் கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். புளிப்பு, சூடு, நேரம் இவற்றைப் பொறுத்து இது மாறும். உலோகங்கள் கலவையில் உள்ள அதே விகிதத்தில் கரைவதுமில்லை. ஆயினும் எது பெரிய கவலை என்று காட்ட இந்தக் கணக்குப் போதும்.

ஈயம் தர அளவுக்குள் இருந்து, ஆர்செனிக் உச்ச எல்லையான 0.05 விழுக்காடு என்றால், ரசத்தில் சேரும் ஆர்செனிக் 5 மைக்ரோகிராம். குடிநீருக்கு வைத்த எல்லையில் பாதி. காரீயமும் 0.05 விழுக்காடு என்றால் அதுவும் 5 மைக்ரோகிராம்.

அதே சொம்பில் காரீயம் 5 விழுக்காடு கலந்திருந்தால்? ரசத்தில் 500 மைக்ரோகிராம். குடிநீரில் காரீயத்துக்கு எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இது ஐம்பது மடங்கு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இந்தக் கலப்பைக் கையால் கண்டுபிடிக்க முடியுமா? வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துடையது 11.3. தனித்தனியே தூக்கினால் வித்தியாசம் தெரியும். 5 விழுக்காடு கலந்த சொம்பின் எடையோ ஏறத்தாழ 2 விழுக்காடுதான் கூடும். எந்தக் கைக்கும் அது தெரியாது. காகிதத்தில் தேய்த்துக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் இந்த அளவில் நம்பத்தக்கதன்று. பயப்பட வேண்டியது ஈயச் சொம்பைப் பார்த்து அன்று. சோதிக்காத சொம்பைப் பார்த்துத்தான்.

வாங்குமுன், வாங்கிய பின்

கடைக்காரரிடம் 'சுத்தமா?' என்று கேட்பதற்குப் பதில், 'இந்தச் சரக்குக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா?' என்று கேளுங்கள். மொத்தமாக இறக்குமதி செய்பவருக்கு ஒரு தொகுதிக்கு ஒரு சோதனை பெரிய செலவன்று. கேட்கும் வாடிக்கையாளர் கூடினால் அறிக்கையும் வரும்.

அறிக்கை கைக்கு வந்தால் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: ஆய்வுக்கூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் உண்டா? மலேசியாவில் ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா 'சாம்' திட்டத்தின் கீழ் இதை வழங்குகிறது. குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும்.

இரண்டு: எந்த முறையில் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா?

மூன்று: அலகு என்ன? விழுக்காடா, கிலோவுக்கு மில்லிகிராமா? 0.05 விழுக்காடும் 500 மில்லிகிராமும் ஒன்றே. பார்வைக்கு ஒன்று சிறிதாகவும் மற்றது பெரிதாகவும் தெரியும்.

நான்கு: 'காணப்படவில்லை' என்று இருந்தால், எவ்வளவுக்குக் கீழே அவர்களால் காண முடியாது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத 'காணப்படவில்லை' ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து: சோதித்தது எதை? உங்கள் சொம்பின் தொகுதியையா, வேறு எப்போதோ வந்த மாதிரியையா?

வீட்டில், ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள். 232 பாகையில் அது உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை அதற்கு மேல் சூடேறாது. ரசம் ஆனதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புளி சேர்ந்ததை இரவு முழுக்க அதில் வைக்காதீர்கள். பித்தளைக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் எந்த ஈயம் என்று கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சொம்பு அலமாரியில் அழகாக இருக்கட்டும். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அடுப்பில் வேண்டாம்.

இதே வகைக் கருவிகள் பாரம்பரிய மருந்துகளையும் சோதிக்கின்றன. மலேசியாவில் பதிவு பெறும் பாரம்பரிய மருந்தில் ஆர்செனிக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பதிவு பெற்றதன் அடையாளம், 'மால்' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் எண். பஸ்பமோ லேகியமோ வாங்குமுன் டப்பாவைத் திருப்பி அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும்.

எண்ணைத் தருபவர்கள்

பெட்டாலிங் ஜெயா ஜாலான் சுல்தானில் மலேசிய இரசாயனத் துறை, ஈப்போவில் தாதுக்களை ஆராயும் கனிம ஆராய்ச்சி மையம், கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்பேட்டைகளில் தனியார் ஆய்வுக்கூடங்கள் என்று இந்த வேலை நம்மைச் சுற்றியே நடக்கிறது. இரசாயனம் படித்தால் ஆசிரியர் வேலைதான் என்று நினைக்கும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1975ஆம் ஆண்டு இரசாயனர் சட்டத்தின்படி, தொழில்முறை இரசாயனர்கள் இன்ஸ்டிடியூட் கிமியா மலேசியாவில் பதிந்திருக்க வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் போலச் சட்டப் பொறுப்புள்ள தொழில் இது.

அந்தப் பொறுப்பு சிறியதன்று. அமிலத்தைக் கொஞ்சம் அதிகம் காய்ச்சிவிட்டு, பறந்துபோன ஆர்செனிக்கை 'இல்லை' என்று எழுதிவிட்டால், அந்தக் காகிதத்தை நம்பி ஒரு தொகுதிச் சரக்கு துறைமுகத்தைத் தாண்டிக் கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் போய்விடும். சந்தேகம் வந்தால் எண் பிடித்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், மாதிரியை மறுபடி நிறுத்து, மறுபடி கரைத்து, மறுபடி அளப்பவரே நல்ல இரசாயனர்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கேட்காத வரை அறிக்கை வராது. அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போகும்போது விலையைக் கேட்பதோடு அந்த எண்ணையும் கேளுங்கள்.